கணினிக்குள் ஒரு நகரம்: அதில் உங்கள் வீடு உண்டா?



தையற்கடையில் ஒரு வழக்கம் உண்டு. விலை உயர்ந்த துணி வந்தால் அனுபவமுள்ள தையற்காரர் உடனே கத்திரிக்கோலை வைக்க மாட்டார். முதலில் பழைய செய்தித்தாளை எடுப்பார். அளவுப்படி அதை வெட்டிப் பார்ப்பார். காகிதம் தப்பாகிப் போனால் நட்டம் ஒன்றும் இல்லை. துணி தப்பாகிப் போனால் திரும்பி வராது.

ஒரு நகரத்துக்கும் இப்படிக் காகிதத்தில் வெட்டிப் பார்க்க முடியுமா? ஒரு பாலம் கட்டுகிறார்கள். கட்டி முடித்த பிறகுதான் மழைநீர் ஓட வழியில்லை என்று தெரிகிறது. ஓர் ஏரியின் ஓரத்தை மேடாக்கி வீடு கட்டுகிறார்கள். அடுத்த மழையில் பக்கத்துத் தெரு மூழ்குகிறது. பாலத்தை இடிக்க முடியாது. மூழ்கிய வீட்டில் போன உயிர் திரும்பாது. முன்கூட்டியே பார்க்க ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அந்த வழியைப் பற்றியதுதான் இந்த உரை.

இரட்டைப் பிள்ளை போல ஒரு நகரம்

ஐதராபாத்தையும் செகந்திராபாத்தையும் இரட்டை நகரங்கள் என்று சொல்வார்கள். அது வேறு. இங்கே சொல்லப்போகும் இரட்டை வேறு. இதில் ஒரு நகரம் மண்ணில் இருக்கும். அதைப் போலவே இன்னொரு நகரம் கணினிக்குள் இருக்கும். இதை 'டிஜிட்டல் ட்வின்' என்று சொல்கிறார்கள். 'கணினி நகரம்' என்று எளிமையாகச் சொல்லலாம்.

இதை எப்படி உருவாக்குகிறார்கள்?

முதலில் மேலிருந்து படம் எடுக்கிறார்கள். செயற்கைக்கோளும் எடுக்கிறது, டிரோன் என்ற ஆளில்லாச் சிறு விமானமும் எடுக்கிறது. லைடார் என்று ஒரு கருவி உண்டு. அது லேசர் ஒளியை அனுப்பும். பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும். இதனால் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம், எந்தச் சுவர் எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிடும்.

பிறகு, கண்ணுக்குத் தெரியாதவற்றைச் சேர்க்கிறார்கள். மண்ணுக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவை எல்லாம் அதில் வரும். எந்த வீட்டில் எத்தனை பேர், எங்கே பள்ளிக்கூடம், எங்கே மருத்துவமனை என்பதும் வரும்.

இதுவரை சொன்னது வெறும் வரைபடம்தான். வரைபடம் ஒருமுறை வரைந்தால் அப்படியே நிற்கும். கணினி நகரம் அப்படி நிற்காது. மழைமானி, ஆற்றில் வைத்த நீர்மட்டக் கருவி, சாலையில் வைத்த கேமரா இவையெல்லாம் அதற்கு ஓயாமல் செய்தி அனுப்பும். மண்ணில் உள்ள நகரம் மாற மாற, கணினியில் உள்ள நகரமும் மாறும்.

ஆகவே அதனிடம் கேள்வி கேட்கலாம். "இந்த வாய்க்காலை மூடினால் என்ன ஆகும்?" "இந்தப் பள்ளிக்கூடத்தை வெள்ளக் காலத்தில் முகாமாக வைத்தால், அங்கே போகும் வழியிலேயே தண்ணீர் நிற்குமா?" "இந்தச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் போகுமா?" "சக்கர நாற்காலியில் வருபவர் பேருந்து நிறுத்தம்வரை யார் உதவியும் இல்லாமல் போக முடியுமா?" கணினி கணக்குப் போட்டுக் காட்டும். காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது போலத்தான்.

சிங்கப்பூர் அரசு 2014இல் தன் நாடு முழுவதற்கும் இப்படி ஒரு கணினி நகரத்தை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2024 பிப்ரவரியில் 'சங்கம்' என்ற பெயரில் இதற்கான முயற்சியைத் தொடங்கியது. சாலை, குழாய், தொலைபேசிக் கம்பி போன்றவற்றைத் திட்டமிட இது எப்படி உதவும் என்று பார்ப்பதே அதன் நோக்கம்.

மும்பை கற்ற பாடம்

'வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்' என்பது பழமொழி. வெள்ளம் எங்கே வரும் என்று தெரிந்தால்தானே அணை போட முடியும்?

2005 ஜூலை 26. மும்பையில் பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. சாந்தாகுரூஸ் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் பெய்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே நாளில் நகரின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் பெய்தது வெறும் 73 மில்லிமீட்டர். ஒரே நகரம்தான். ஒரு மூலையில் பிரளயம். மறு மூலையில் சாதாரண மழை. அலுவலகத்துக்குப் போன லட்சக்கணக்கானவர்கள் வழியில் சிக்கிக்கொண்டார்கள். ரயில் ஓடவில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

ஏன் தண்ணீர் வடியவில்லை? மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள், மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவுக்குத்தான் கட்டப்பட்டவை. அதுவும் கடல் தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான். அன்று கடலில் ஏற்றம். கடல் ஏறி நிற்கும்போது வடிகால் நீர் எங்கே போகும்? பின்வாங்கி ஊருக்குள்தான் வரும்.

இன்னொரு காரணம் மித்தி ஆறு. விகார், பவாய் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர்தான் இந்த ஆறு. மாகிம் அருகே கடலில் கலக்கிறது. பல ஆண்டுகளாக இதன் இரு கரைகளையும் நெருக்கிக் கட்டிவிட்டார்கள். விமான ஓடுபாதைக்காக ஆற்றின் வழியையே திருப்பினார்கள். கரையோரச் சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பிப் பெரிய அலுவலகங்கள் கட்டினார்கள். கரையோரம் குடிசைகளும் வந்தன. குப்பையும் கொட்டப்பட்டது. அகலமாக இருந்த ஆறு வாய்க்கால் போல ஆனது.

ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு துறை செய்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க அப்போது வழி இல்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு பல வேலைகள் நடந்தன. ஆறு ஆழப்படுத்தப்பட்டது. கடலுக்குத் தண்ணீரை இறைத்துவிடப் பெரிய பம்பு நிலையங்கள் கட்டப்பட்டன. 2020 ஜூனில் 'ஐஃப்ளோஸ் மும்பை' என்ற வெள்ள எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. இதைப் புவி அறிவியல் அமைச்சகமும் மும்பை மாநகராட்சியும் சேர்ந்து கொண்டுவந்தன. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கும் இப்படி ஒரு முறையை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள்.

இந்த முறை என்ன செய்கிறது? எவ்வளவு மழை வரும், கடல் எப்போது ஏறும், நிலம் எங்கே பள்ளம், வடிகால் எவ்வளவு பெரிது ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுகிறது. எந்த வார்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல முயல்கிறது. இது முழுமையான கணினி நகரம் அல்ல. அந்தத் திசையில் வைத்த ஒரு பெரிய அடி.

சட்டியில் இருந்தால்தான்

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கணினி நகரத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பார்கள். கணினியும் அப்படித்தான். அதில் எதைப் போட்டோமோ அதைத்தான் அது திருப்பித் தரும். ஒரு தெருவைப் போடாமல் விட்டால், அந்தத் தெரு மூழ்கும்போது கணினிக்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஐந்து பேர் என்று எழுதிவிட்டு, உண்மையில் பதினைந்து பேர் இருந்தால், பத்துப் பேருக்கு முகாமில் சோறு இருக்காது. கணினி பொய் சொல்வதில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படாத உண்மை அதற்குத் தெரியாது.

யார் விட்டுப்போகிறார்கள்? பெரும்பாலும் ஏழைகள்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்திய நகரங்களில் சுமார் 37.7 கோடி பேர் வாழ்ந்தார்கள். குடிசைப் பகுதிகளில் மட்டும் சுமார் 6.5 கோடி பேர். ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு விதி இருந்தது. அரசு ஏற்கெனவே அறிவிக்காத அல்லது அங்கீகரிக்காத பகுதி என்றால், குறைந்தது 300 பேர், அதாவது 60 முதல் 70 குடும்பங்கள், நெருக்கமாக வாழ வேண்டும். அப்போதுதான் அது குடிசைப் பகுதி. ரயில் பாதை ஓரத்தில் இருபது குடிசைகள் இருந்தால்? பாலத்துக்கு அடியில் பத்துக் குடும்பங்கள் இருந்தால்? அவை அந்தக் கணக்கில் குடிசைப் பகுதி ஆகா. 2021இல் நடக்கவேண்டிய அடுத்த கணக்கெடுப்பும் கொரோனாவால் தள்ளிப்போனது. பத்து ஆண்டுகளில் நகரம் எவ்வளவு மாறும் என்பது நகரத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியும்.

தாங்களே எண்ணிக்கொண்டவர்கள்

கணினி நகரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பம்பாயின் நடைபாதை மக்கள் ஒரு வழியைக் காட்டினார்கள்.

1985இல் அவர்களுடைய நிலைமை மிகவும் மோசமாக இருந்தது. நடைபாதைக் குடிசைகளை அகற்ற மாநகராட்சி முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிழைப்புக்கான உரிமை, வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் 1985 ஜூலையில் சொன்னது. ஆனால் முறையாக அறிவிப்புக் கொடுத்துக் குடிசைகளை அகற்றலாம் என்றும், மழைக்காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னது.

அப்போது 'ஸ்பார்க்' என்ற தொண்டு நிறுவனமும் பைகுல்லாப் பகுதியின் நடைபாதை மக்களும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 6,000 குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். எங்கிருந்து வந்தார்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்த அறிக்கைக்கு வைத்த பெயரே ஒரு பாடம். 'நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்பதுதான் அதன் பொருள்.

'நடைபாதையில் இருப்பவர்கள் சும்மா இருப்பவர்கள், நேற்று வந்தவர்கள்' என்று பலர் நினைத்திருந்தார்கள். கணக்கு வேறு விதமாகச் சொன்னது. பலர் பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள். சுமை தூக்கினார்கள், வீட்டு வேலை செய்தார்கள், காய்கறி விற்றார்கள். வேலைக்கு நடந்தே போகக்கூடிய இடத்தில் குடியிருந்தார்கள். நகரத்துக்கு அவர்கள் பாரம் அல்ல. அவர்கள் உழைப்பில்தான் நகரம் ஓடியது. அடுத்த ஆண்டே அந்தப் பெண்கள் 'மகிளா மிலன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சேமித்தார்கள், அதிகாரிகளுடன் பேசினார்கள். கையில் கணக்கு இருந்தது. அதனால் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

எண்ணப்படுவது என்பது சிறிய காரியம் அல்ல. எண்ணிக்கையில் வந்தால்தான் திட்டத்தில் வர முடியும்.

மேலிருந்து படம், கீழிருந்து பெயர்

ஒடிசா மாநிலத்தில் இதே பாடம் புதிய கருவிகளோடு நடந்தது.

ஒடிசா அரசு 2017இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறு நகரங்களின் குடிசைப் பகுதி மக்களுக்கு, அவர்கள் வாழும் நிலத்தின் மீது உரிமை தருவது அதன் நோக்கம். 'ஜாகா மிஷன்' என்பது திட்டத்தின் பெயர். ஆனால் யாருக்கு எவ்வளவு நிலம் என்று எப்படி முடிவு செய்வது? குடிசைப் பகுதிக்குச் சரியான வரைபடமே இல்லையே!

டிரோன்களைப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொரு கூரையும் தெளிவாகத் தெரியும்படி படம் கிடைத்தது. ஆனால் கூரையைப் பார்த்தால் உள்ளே யார் என்று தெரியுமா? ஒரே கூரையின் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனி அடுப்பு வைத்திருக்கலாம். மரத்தின் நிழலில் ஒரு வீடு மறைந்திருக்கலாம்.

ஆகவே வீடு வீடாகப் போனார்கள். அந்தந்தப் பகுதியிலேயே குடியிருப்போர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அந்த மக்களும் உடன் வந்து எல்லையைக் காட்டினார்கள். பெயரைச் சொன்னார்கள். மேலிருந்து வந்த படமும் கீழிருந்து வந்த பெயரும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் வரைபடம் உண்மை ஆனது. 2018இல் நில உரிமைச் சான்றிதழ்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். கணவன், மனைவி இருவர் பெயரிலும் சான்றிதழ் வந்தது. அந்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும்; வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கலாம்; ஆனால் விற்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. டிரோன் மட்டும் போதவில்லை. மக்கள் மட்டும் போயிருந்தாலும் இவ்வளவு விரைவாக முடிந்திருக்காது. இரண்டும் சேர்ந்ததுதான் பலன்.

கூரைக்கு அடியில் என்ன?

வெள்ளம் போலவே வெயிலும் உயிரை வாங்கும். குஜராத்தின் அகமதாபாதில் 2010 மே மாதத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதத்தில் இறப்பவர்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு 2013இல் அந்த நகரம் ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. கடும் வெயில் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். குடிநீர் வைப்பார்கள். மருத்துவமனைகளைத் தயார் செய்வார்கள். பின்னர், ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் சேர்ந்தது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே சூடு குறையும்.

இதிலும் கணினி நகரத்துக்கு வேலை உண்டு. எந்தத் தெருவில் மரம் இல்லை, எங்கே தகரக் கூரை அதிகம் என்பதைச் செயற்கைக்கோள் காட்டும். ஆனால் வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழலில், காற்றோட்டத்தில் இருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில், அடுப்புப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு வெயில் வேறு. அந்த வெயிலை அவர் சொன்னால்தான் கணினிக்குத் தெரியும்.

குழாயும் அப்படித்தான். குழாய் இருக்கிறது என்று வரைபடம் சொல்லும். அதில் தண்ணீர் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் வருகிறது என்பதை, குடத்தோடு காத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

இருமுனைக் கத்தி

ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. வரைபடம் இருமுனைக் கத்தி. காப்பாற்றவும் உதவும், அப்புறப்படுத்தவும் உதவும். 'இந்தத் தெரு மூழ்கும்' என்று கணினி காட்டினால், அங்கே வடிகால் கட்டலாம். 'மூழ்கும் இடம், காலி செய்' என்றும் சொல்லலாம். அதே ஆற்றங்கரையில் பெரிய கட்டடம் நிற்க, குடிசை மட்டும் போகலாம்.

மித்தி ஆற்றின் பக்கத்தில்தான் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. தாராவியை மாற்றிக் கட்டும் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. அதில் டிரோனும் லைடாரும் பயன்பட்டன. தாராவிக்கு ஒரு கணினி இரட்டையை உருவாக்குவதாகவும் அறிவித்தார்கள்.

யாருக்கு எந்த வீடு என்பதற்கு அரசு விதிகளை அறிவித்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1க்கு முன் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு. அதற்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடு. தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். லைடார் கருவி சுவரின் அளவைச் சரியாகச் சொல்லும். ஆனால் அந்தக் குடும்பம் 1999இல் வந்ததா, 2001இல் வந்ததா என்று சொல்லுமா? அதைச் சொல்வது ஒரு பழைய ரேஷன் அட்டை, ஒரு மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர். ஏணி வைத்து ஏறும் மாடி அறையில் இருப்பவர் வேறு குடும்பம் என்பதை யார் சொல்வது? எவ்வளவு புதிய கருவி வந்தாலும், ஏழையின் கையில் உள்ள ஒரு துண்டுக் காகிதத்தின் மதிப்புக் குறையவில்லை. அதைப் பத்திரமாக வைத்திருப்பதும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிவதும் பெரிய பலம்.

இன்னொன்றும் உண்டு. கணக்கெடுப்பவர்கள் கேட்பதை எல்லாம் சொல்லத்தான் வேண்டுமா? ஏன் கேட்கிறீர்கள், எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. அது ஏழைக்கும் உள்ள உரிமைதான்.

மக்கள் செய்யக்கூடியவை

'இதெல்லாம் படித்தவர்கள் வேலை, கணினி நமக்கு எங்கே தெரியும்' என்று ஒதுங்க வேண்டியதில்லை. கணினியை ஓட்டத் தெரிய வேண்டாம். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். அ, ஆ எழுதப் பழகியவர்களுக்கு அது கடினம் அல்ல. வடக்கு எது, நம் தெரு எது, வாய்க்கால் எது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

செய்யக்கூடிய சில வேலைகள் இவை.

முதலாவது, தெரு மக்கள் ஒன்றுகூடித் தங்கள் பகுதியைத் தாங்களே வரையலாம். ஒரு பெரிய தாள் போதும். வீடுகள், குழாய்கள், விளக்குகள், கழிப்பிடம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சென்ற மழையில் தண்ணீர் எந்தச் சுவர் வரை வந்தது என்று குறிக்க வேண்டும். தனியாக இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீடுகளை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் ஓட வேண்டிய வீடுகள் அவைதான்.

இரண்டாவது, அந்தத் தாளோடு வார்டுக் குழுவுக்குப் போகலாம். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சிப் பகுதிகளில் வார்டுக் குழுக்கள் இருக்க வேண்டும். "உங்கள் வரைபடத்தில் எங்கள் தெரு உண்டா? காட்டுங்கள்" என்று கேட்கலாம். காட்டாவிட்டால், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். அதற்கு ஒரு வெள்ளைத்தாளும் சிறு கட்டணமும் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை.

மூன்றாவது, தெருவில் கடை போடுபவர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நகரத்தின் புதிய வரைபடத்தில் பூக்கூடைக்கும் தள்ளுவண்டிக்கும் இடம் கேட்பது பிச்சை அல்ல. சட்டம் தந்த உரிமை.

நான்காவது, தவறைத் திருத்தச் சொல்ல வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியல் வெளியானதும் போய்ப் பார்க்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் ஒன்று இருக்கும். அந்த நாள் போனால், பிழையே உண்மை ஆகிவிடும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கணினி நகரம் அலுவலக அறையின் திரையில் மட்டும் இருந்தால் அது ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது. அதை வார்டுக்குக் கொண்டுவர வேண்டும். மக்களின் மொழியில் காட்ட வேண்டும். "இது சரியா?" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு திருத்த வேண்டும். அப்படிச் செய்யும் நகரம்தான் அடுத்த வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கும்.

பெரியோர்களே, தாய்மார்களே! கணினி நகரம் வந்துகொண்டிருக்கிறது. இன்று பெரிய ஊருக்கு வந்தது, நாளை சிறிய ஊருக்கும் வரும். அது வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. அதில் யார் வீடு இருக்கும், யார் வீடு விட்டுப்போகும் என்பதுதான் கேள்வி. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேர்தலுக்கு முன் போய்ப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, நகரத்தின் வரைபடத்தில் வீடு இருக்கிறதா என்றும் மழைக்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும்.